வரைபடம் முத்தீஸ்வரி கையில்

நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் கல்லூரிக்குப் படிக்கப் போனால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை.

சுருளிவேல் இருபது வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்தவர். தேனி பக்கத்துக் கிணறுகளில் பாதிக்குமேல் அவர் இறங்கிப் பார்த்தவைதான். மாட்டைத் தூக்கியிருக்கிறார், மனுஷரைத் தூக்கியிருக்கிறார். கடைசியாகத் தூக்கியது ஒரு பள்ளிக்கூடப் பையனை. மூச்சு இல்லை. அதோடு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நீச்சல் தெரியாத பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிச் சலிச்சுப் போச்சு. தண்ணி, மலை, காடு எல்லாத்தையும் பிள்ளைகளுக்குக் கத்துக் குடுக்கிற வேலை ஒண்ணு இருக்காம். அதுக்குப் படிக்கப் போறேன்" என்றார் வீட்டில்.

அவர் மனைவி பூங்கோதை தடுக்கவில்லை. மச்சினன்தான் விடவில்லை.

"அதென்ன படிப்பு மாமா?"

"வெளிப்புறக் கல்வி. பிள்ளைகளை மலைக்குக் கூட்டிட்டுப் போயி..."

"கூட்டிட்டுப் போயி?"

"கூட்டிட்டு வர்றது."

"அதைத்தான் டூரிஸ்ட் வேன் டிரைவர் படிக்காமலே செய்றாரே!"

வீடே சிரித்தது. சுருளிவேலும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். மனசுக்குள் முள் மாதிரி அது தைத்துக்கொண்டது.

மலையடிவாரத்தில் இருந்தது அந்தக் கல்லூரி. ஒரு வருஷ டிப்ளமா. கூடப் படித்ததெல்லாம் மீசை முளைத்தும் முளைக்காத பிள்ளைகள். ஆசிரியை நஸ்ரினுக்கு வயது முப்பத்தொன்று. உத்தமபாளையத்துக்காரர். ஏறாத பாறை இல்லை என்பார்கள். அதைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. முதல் நாளே சுருளிவேலை அவர் "அண்ணே" என்று கூப்பிட்டார். சுருளிவேல் அவரை "மேடம்" என்று கூப்பிட்டார். ஊருக்கு அது வேடிக்கையாக இருந்தது, அவர்கள் இருவருக்கும் இல்லை.

சேர்ந்த மாதமே சுருளிவேல் கேட்டுவிட்டார்.

"மேடம், இதைப் படிச்சா என்ன வேலைக்குப் போறது?"

வகுப்புப் பிள்ளைகளே பதில் சொல்ல முந்தினார்கள். மலையேற்ற வழிகாட்டி ஆகலாம் என்றான் ஒருவன். முகாம் நடத்தலாம், கம்பெனி ஆட்களுக்குக் குழுப் பயிற்சி கொடுக்கலாம் என்றாள் ஒருத்தி. வனத்துறைச் சூழல் சுற்றுலா, ஆற்றில் படகு, மனசு சரியில்லாத பிள்ளைகளுக்கான முகாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மலைப் பள்ளிக்கூடங்களில் இதற்கென்றே வாத்தியார் வேலை இருக்கிறதாம்.

"அதெல்லாம் வேலையோட பேரு. நான் கேட்டது, அங்க போயி நான் என்ன செய்வேன்னு" என்றார் சுருளிவேல்.

நஸ்ரின் அவர் பக்கம் திரும்பினார்.

"முதல்ல பத்துப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்கண்ணே. அப்புறம் பேசுவோம்."

அந்தப் படிப்பின் கடைசிப் பரீட்சை அதுதான். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போய், மலையில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் இறக்கிக் கொண்டுவர வேண்டும். ஆசிரியை கூடவே வந்து பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் டிப்ளமா.

கயிறா, முடிச்சா, முதலுதவியா, சுருளிவேலுக்குத் தெரியாதது என்ன இருந்தது? வகுப்பே அவர் பாஸ் என்று எழுதி வைத்துவிட்டது.

முதல் தடவை, ஏறி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கூடாரத் துணியைப் பிரித்துவைத்துக்கொண்டு தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல் முழித்தார்கள். "தள்ளுங்கப்பா!" என்றார் சுருளிவேல். ஒற்றை ஆளாக அத்தனை கூடாரத்தையும் அடித்து நிமிர்ந்தார். ஒரு பிள்ளை மேலும் ஈரம் படவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நஸ்ரின் கையெழுத்துப் போடவில்லை.

"இன்னொரு தடவை போயிட்டு வாங்கண்ணே."

இரண்டாவது தடவை, ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் போனது. பிள்ளைகள் கரையில் நின்று, எந்தக் கல்லில் கால் வைப்பது, யார் முன்னால் போவது என்று தயங்கிக்கொண்டிருந்தார்கள். சுருளிவேலுக்குப் பொறுக்கவில்லை. பேண்ட்டைச் சுருட்டினார். ஒவ்வொருவராக முதுகில் தூக்கி அக்கரையில் இறக்கினார். "தூக்குன்னா எங்க சார் தூக்குதான்!" என்று பிள்ளைகள் ஊர்வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நஸ்ரின் அப்போதும் போடவில்லை.

சுருளிவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது வருஷ சர்வீஸ் ஆள். மைதானத்தில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டார்.

"எதுல குறை மேடம்? ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா? சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

நஸ்ரின் சட்டென்று அவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். சுருளிவேலின் வலது கால் ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். அதை இழுத்து, சுற்றி, நிதானமாகக் கட்ட ஆரம்பித்தார்.

"ஐயையோ! மேடம்! என்ன காரியம் பண்றீங்க, எந்திரிங்க!"

சுருளிவேல் காலை இழுக்கப் பார்த்தார். நஸ்ரின் விடவில்லை. கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"நல்லாக் கட்டியிருக்கேனா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"ஆனா?"

சுருளிவேலுக்கு முகம் சிவந்து போயிருந்தது. சின்னப் பிள்ளையாக்கி நடுத்தெருவில் நிறுத்தினதுபோல் இருந்தது அவருக்கு. இரண்டு கையும் நன்றாக இருக்கிற மனுஷனுக்கு இப்படிச் செய்யலாமா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. கேட்க வந்த கேள்வி பாதியிலேயே அவர் பக்கம் திரும்பிக்கொண்டது.

மெதுவாகக் கேட்டார்.

"அப்போ பிள்ளைங்க பாட்டுக்கு முழிக்கட்டும்னு நான் சும்மா நிக்கணுமா?"

"சும்மா நிக்கிறதுக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாங்களாண்ணே?"

"பின்னே?"

"இன்னொரு தடவை போயிட்டு வாங்க. இந்தத் தடவை நான் வரலை. கீழேயிருந்தே பார்த்துக்கிறேன்."

மூன்றாவது தடவைக்கு மேல் பரீட்சை கிடையாது. அது போதாதென்று இன்னொன்றும் வந்து சேர்ந்தது. மலைமேல் இருக்கும் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் வெளிப்புறக் கல்வி ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. அதன் தலைமை ஆசிரியை ஊரிலிருந்து மலைக்குத் திரும்பும் வழியில், சனிக்கிழமை நாலு மணிக்கு அடிவார முகாமுக்கு வந்து சுருளிவேலைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். இருட்டுவதற்குள் மலைப்பாதை ஏறியாக வேண்டும், ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டார். அதே நாளில்தான் சுருளிவேல் பிள்ளைகளை இறக்கிக் கொண்டுவர வேண்டும்.

இது அமையாவிட்டால் மச்சினன் பார்த்துவைத்த வேலை இருந்தது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதுவும் கௌரவமான வேலைதான், யார் இல்லையென்றது? ஆனாலும் நினைக்கவே சுருளிவேலுக்குப் பிடிக்கவில்லை.

"நாலு மணிக்கு முன்னாடியே வந்துருவீங்கள்ல?" என்று கேட்டாள் பூங்கோதை.

"மத்தியானமே இறங்கிருவோம்" என்றார்.

இந்த முறை வந்தவர்கள் அரசுப் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். துணைக்கு அவர்கள் உடற்கல்வி ஆசிரியை பவுலின் டீச்சர். தலையில் ஆளுக்கொரு ஆரஞ்சுத் தொப்பி. வரைபடத்தையும் திசைகாட்டியையும் பிள்ளைகளே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வழி நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஏறும்போது நன்றாகத்தான் ஏறினார்கள். கூடாரம் இரண்டு முறை சரிந்தது. சுருளிவேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூன்றாவது முறை அது நின்றது, கொஞ்சம் கோணலாக.

மறுநாள் கூடாரத்தை மடித்துக் கிளம்பவே மத்தியானம் ஆகிவிட்டது. இறங்கும்போது வரைபடம் முத்தீஸ்வரி கைக்கு வந்தது. வருகைப் பதிவுக்கு "உள்ளேன் டீச்சர்" சொல்வதைத் தவிர அந்தப் பிள்ளை வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லையாம்.

"இவளா?" என்றான் லோகேஷ். "விடிஞ்ச மாதிரிதான்!"

பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனால் முகாம். வலது பக்கம் ஒரு கரடு, மொட்டைப் பாறையாக முடியும் சின்னக் குன்று. அதற்கு மேல் வழி கிடையாது. போன வாரம்தான் சுருளிவேல் நஸ்ரினோடு இரண்டையும் நடந்து பார்த்திருந்தார்.

முத்தீஸ்வரி வரைபடத்தைப் பார்த்தாள். பாதையைப் பார்த்தாள். வலது பக்கம் திரும்பினாள்.

கடைசி ஆளாக வந்துகொண்டிருந்த சுருளிவேலுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ஏ பிள்ளை, அந்தப் பக்கம் இல்லை!" என்று ஒரு வார்த்தை போதும். விழுங்கினார்.

நடந்துகொண்டே மனசுக்குள் பார்த்தார். தண்ணீர் இருக்கிறதா? இருக்கிறது. சாப்பாடு? பொட்டலம் எல்லோர் பையிலும் இருக்கிறது. வழுக்கல்? காய்ந்த பாறைதான். யானைத்தடம்? அந்தப் பக்கம் இல்லை. பிள்ளைகளுக்கு ஆபத்து ஒன்றுமில்லை. அவர் வேலை ஒன்றுதான் ஆபத்தில் இருந்தது.

மொட்டைப் பாறையில் போய் நின்றார்கள். மூன்று பக்கமும் சரிவு.

"என்னடி இது? பாதையைக் காணோம்!"

"நான்தான் அப்பவே சொன்னேன்ல!" என்றான் லோகேஷ். அவன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் சொன்னான்.

ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். முத்தீஸ்வரி வரைபடத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுவது தெரியக்கூடாது என்றுதான் தூக்கினாள், அது எல்லோருக்கும் தெரிந்தது.

பவுலின் டீச்சர் சுருளிவேலிடம் வந்தார்.

"என்ன சார், உங்களுக்கும் வழி தெரியலையா?"

"தெரியும் டீச்சர்."

"தெரியுமா? அப்போ சொல்லுங்க சார்! பச்சப் பிள்ளைக அழுகுது, நீங்க பாட்டுக்கு வேடிக்கை பார்க்கிறீங்க. நல்லாருக்கே உங்க படிப்பு!"

சுருளிவேலுக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்விதானே. கூடாரத்தை அடித்துக் கொடுத்தது தப்பு, முதுகில் தூக்கியதும் தப்பு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிள்ளை அழும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எந்த ஊர் நியாயம்? இதற்கா மேடம் நம் காலில் ஷூ கட்டிவிட்டது? குழம்பிப் போனார்.

பிறகு, யாரும் சொல்லாமல், அவருக்கே ஒன்று தோன்றியது. முத்தீஸ்வரி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"முத்தீஸ்வரி."

அவள் வரைபடத்தை இறக்கவில்லை.

"எனக்கு வழி தெரியும். நீ கேட்டா இப்பவே சொல்றேன். சொல்லட்டுமா?"

இருபது வருஷத்தில் யாரிடமும் அவர் கேட்டிராத கேள்வி அது. கிணற்றுக்குள் கேட்க முடியுமா என்ன? ஆனால் இது கிணறு இல்லையே.

வரைபடம் மெதுவாக இறங்கியது. கண்ணும் மூக்கும் சிவந்து கிடந்தன. அந்தப் பிள்ளை அவரைப் பார்த்தது, லோகேஷைப் பார்த்தது, காகிதத்தைப் பார்த்தது.

"வேணாம் சார். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்."

"பாரு தாயி" என்றார்.

அங்கிருந்து பார்த்தால் அடிவார முகாம் நன்றாகத் தெரிந்தது. தார் ரோட்டிலிருந்து ஒரு வெள்ளை ஜீப் பிரிந்து, புழுதி கிளப்பிக்கொண்டு முகாமுக்குள் நுழைந்தது. சுருளிவேல் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? பூங்கோதையிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். இப்போது ஒரு வார்த்தை சொன்னால்கூட ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பிடித்துவிடலாம். ஆனால், பாரு என்று சொல்லியாகிவிட்டதே.

பிள்ளைகள் நேரம் தவறிய சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பவுலின் டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார். முத்தீஸ்வரி சாப்பிடவில்லை. சமவெளியில் பளபளத்துக்கொண்டிருந்த பெரிய கண்மாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடத்திலும் அந்தக் கண்மாய் இருந்தது. காகிதத்தில் நேர் எதிரே இருந்தது, கண்ணுக்கு இடது கைப்பக்கம் இருந்தது.

காகிதத்தைப் பாறைமேல் விரித்தாள். திசைகாட்டியை அதன்மேல் வைத்தாள். பிறகு காகிதத்தைத் திருப்பினாள், கொஞ்சம் கொஞ்சமாக, காகிதத்துக் கண்மாய் நிஜக் கண்மாயைப் பார்க்கும்வரைக்கும்.

"ஐயோ! நான் படத்தை மாத்தி வெச்சுல்ல பார்த்துருக்கேன்!"

அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அன்றுதான் வகுப்புக்குத் தெரிந்தது.

"திரும்பிப் போகணும். அந்தப் பிரிவுல நாம விட்டுட்டு வந்த இடது பக்கம். அங்கயிருந்து ஓடை சத்தம் வலது காதுல கேட்டுக்கிட்டே இருக்கணும். கேட்கலைன்னா தப்பு."

"மறுபடியும் நடக்கணுமா?" என்று முனகினான் லோகேஷ். ஆனாலும் முதலில் பையைத் தூக்கியவன் அவன்தான். முத்தீஸ்வரி சாப்பிடாத பொட்டலத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். "நடந்துக்கிட்டே தின்னு" என்று வழியில் கொடுத்தான்.

பிரிவைத் தாண்டி இறங்கும்போது மரங்களுக்கு இடையில் ரோடு தெரிந்தது. வெள்ளை ஜீப் மலைப்பாதையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. சுருளிவேல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. வெயில் என்று தனக்குத்தானே சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சார், ஓடை சத்தம் கேட்குதா?" என்று முன்னாலிருந்து கத்தினாள் முத்தீஸ்வரி.

"கேட்குது தாயி, கேட்குது" என்றார்.

முகாமுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டே நஸ்ரினிடம் ஓடினார்கள். தொலைந்துபோனதை என்னவோ பரிசு வாங்கினது மாதிரி சொன்னார்கள். முத்தீஸ்வரிதான் எல்லோரையும் விடச் சத்தம். பவுலின் டீச்சர் சுருளிவேலைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றார்.

"அந்தப் பிள்ளை பேசி இன்னைக்குத்தான் சார் கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிப் போயிற்று. நஸ்ரின் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. சுருளிவேல் பையைக் கழற்றாமலே அவர் முன்னால் போய் நின்றார்.

"லேட்டாயிருச்சு மேடம்."

"ஆமாண்ணே."

"பரீட்சையும் போச்சு. அந்த அம்மாவும் போயிட்டாங்க. ஜீப்பைப் பார்த்தேன்."

"கையெழுத்துப் போட்டாச்சுண்ணே. திங்கட்கிழமை உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரச் சொல்லிட்டுப் போனாங்க."

சுருளிவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"என் மூஞ்சியைக்கூட அவங்க பார்க்கலையே மேடம்! எதை வெச்சு?"

"பார்த்தாங்க. மொட்டைப் பாறை மேல உங்க ஆரஞ்சுத் தொப்பியெல்லாம் இங்கயிருந்தே தெரிஞ்சுது. பைனாகுலரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்த ஆளுக்கு வழி தெரியாதான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லாத் தெரியும், போன வாரம்தான் ரெண்டு பக்கமும் நடந்து பார்த்தார்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அவ்வளவு நல்லாத் தெரிஞ்ச ஆளுக்கு ஏன் இவ்வளவு நேரமாகுதுன்னாங்க."

சுருளிவேல் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நஸ்ரின் பைனாகுலரைக் கழற்றி உறையில் போட்டார்.

"தெரிஞ்ச ஆளா இருக்கிறதாலதான் ஆகுதுன்னு சொன்னேன்."